காற்றாடிக்குக் கீழே ஒரு டீசல் எஞ்சின்

காற்றாடி வருவதை எதிர்த்தவள் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டவர்கள் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போடவேண்டும். முதல் காற்றாடிக்குப் பூசை போட்ட அன்று பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியவள் நான். பிறகு அதே காற்றாடிக்காரர்களிடம் நடுத்தோட்டத்தில் நின்று கத்தியவளும் நான்தான். முதலாவதை ஊர் மறந்துவிட்டது, இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மோட்டார் காயில் சுற்றுவது என் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஆறு வருடம் அதே வேலை. ஒரு நீள ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி, மோட்டாரின் உள்பக்கத்துப் பள்ளங்களில் இறக்குவோம். கம்பி வெளியே எழும்பி வராமல் இருக்க மூங்கில் சீவலை மேலே தள்ளி அடைப்போம். ஒரு சுற்றுக் குறைந்தாலும் மோட்டார் சூடேறும். கம்பியின் பூச்சு எங்காவது உரசிப் போனால் என்றைக்காவது ஒருநாள் எரிந்தே தீரும். ஆறு வருடத்தில் நான் சுற்றியது ஒன்றுகூடப் பரிசோதனை மேஜையிலிருந்து திரும்பி வந்ததில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மின்வெட்டு நாட்களில் அந்த ஹாலில் எங்களுக்கு வேலை இருக்காது. நிலக்கரி வரவில்லை, அணையில் தண்ணீர் இல்லை என்று பேப்பரில் போட்டிருக்கும். எங்கேயோ மண்ணுக்கடியில் வெட்டுகிற கரி ரயிலேறவில்லை என்றால் பீளமேட்டில் நான் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்காமலே திரும்பி பஸ் ஏறவேண்டும். எங்கள் பக்கத்தில் வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கொடியில் காய்கிற புடவையைக் கிழித்துவிடும். இத்தனை காற்றைச் சும்மா போகவிட்டுவிட்டுக் கரிக்குக் காத்துக் கிடக்கிறோமே என்று பஸ் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எரிச்சலாக வரும். அதற்கு நான் என்ன செய்யமுடியும், வீட்டுக்குப் போய் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவேன்.

கல்யாணமாகி வந்தது பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் ஒரு ஊர். வீட்டுக்காரருக்கு மோட்டார் கழற்றி மாட்டுகிற வேலை தெரியும். எனக்குச் சுற்றத் தெரியும். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கடை போட்டோம். முதல் வருடம் வந்தவர்களெல்லாம் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பள சுத்தறதுங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். நான் அங்கேயே கம்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன், என்னிடம் கேட்கமாட்டார்கள். நாலைந்து வருடம் ஓடி, சுற்றிக் கொடுத்த மோட்டார்கள் எதுவும் எரியாமல் தண்ணீர் இறைத்த பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. தொண்ணூறுகளின் நடுவில் ஒன்பது கிராமத்து மோட்டார் என் கடைக்கு வந்தது. அந்த நல்ல பெயர் எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல.

காற்றாடி வந்தது அப்போதுதான். கோயமுத்தூரில் நூல் மில் வைத்திருக்கிற ஒருவர் எங்கள் ஊருக்கு மேற்கே மானாவாரிக் காட்டை வாங்கினார். மாசி மாதம் முழுக்க ஊரே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு இறக்கையும் ஒரு லாரிக்கு மேல் நீட்டிக்கொண்டு வந்தது. வளைவில் லாரி திரும்புவதற்குப் புளியமரத்துக் கிளையை வெட்டினார்கள், தெருக் கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்தார்கள். இரவும் பகலும் அவசரம். மார்ச் முடிவதற்குள் நட்டு, கரண்ட் கம்பியில் சேர்த்து, ஒருதடவையாவது ஓட்டிக் காட்டியாகவேண்டும் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பூசையன்று கரண்ட் இலாகாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். "நிலக்கரி தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும், காத்து தீராது. இனி நம்ம ஊர்க் காத்துதான் நம்ம ஊருக்குக் கரண்ட்" என்று மைக்கில் சொன்னார். பேப்பரைப் பார்த்துத்தான் படித்தார், இருந்தாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பஸ் ஜன்னலில் நான் நினைத்ததை ஒரு அதிகாரி மைக்கில் சொல்கிறாரே. நான் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நங்கையாவும் தட்டினார். நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரின் அக்கா. அவருடைய தோட்டம் காற்றாடிக்கு நேர் கீழே இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பார். பண்ணையம் மொத்தமும் நங்கையாதான்.

பூசை முடிந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்கள். அதோடு நின்றதுதான். பங்குனியில் எங்கள் ஊரில் ஏது காற்று? சித்திரை முழுக்க அந்த மூன்று இறக்கையும் அசையாமல் நின்றன. காற்றே இல்லாத மாதத்தில் காற்றாடிக்கு ஏன் முகூர்த்தம் வைத்தார்கள் என்பதை வீட்டுக்காரர் மில்லுக்கு வேலையாகப் போனபோது தெரிந்துகொண்டு வந்தார். காற்றாடி நட்டால் அதன் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானம் என்று கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாமாம். மார்ச்சுக்குள் நட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான். எத்தனை யூனிட் கரண்ட் தந்தது என்று அந்தச் சலுகைக்கு யாரும் கேட்கமாட்டார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நான் ஒரு மோட்டாரைச் சுற்றிக் கொடுத்தால் தண்ணீர் வந்த பிறகுதான் என்னை நம்புகிறார்கள். இங்கே நட்டுவைத்தாலே போதுமாம்.

வைகாசி பாதியில் காற்று எடுத்தது. காற்றாடியும் சுற்றியது. உண்மையைச் சொன்னால் பார்க்க நன்றாகவே இருந்தது. கடையிலிருந்து நிமிர்ந்தால் தெரியும். கரியில்லை, புகையில்லை, சாம்பலில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே முதல் மோட்டார் எரிந்து வந்தது. பிறகு இரண்டு. ஆனி பிறந்தபோது கடை வாசலில் ஆறு மோட்டார் வரிசையாக நின்றன. எரிந்த வார்னிஷ் நாற்றம் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் மூக்கிலேயே ஏறியது. அதில் நாலு மோட்டார் நான் அதே வருடம் சுற்றிக் கொடுத்தது. அந்த நாலையும் பிரித்துப் பார்த்தேன். கம்பி சரியான கனம், சுற்று சரி, வார்னிஷ் சரி. ஆனால் மூன்று பக்கமும் ஒரே மாதிரிக் கருகியிருந்தது. சுற்றினதில் தப்பு இருந்தால் ஒரு இடத்தில்தான் கருகும். இது அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துச் செத்த மோட்டார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்ல? "ஏனம்மணி, போன மாசம் நீ சுத்திக் குடுத்தது. கருவாடாட்டம் வந்திருக்குது பாரு" என்றார் ஒரு தோட்டக்காரர். இன்னொருவர், "கம்பில கைய வெச்சுப்போட்டயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். செம்பில் திருடினாயா என்று அர்த்தம். மரியாதை தெரிந்தவர்கள், "டவுன்ல குடுத்துச் சுத்திக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரை டெம்போவில் ஏற்றினார்கள். ஒருவர் டவுனில் கொடுத்துச் சுற்றி வாங்கிவந்த மோட்டார் பத்தே நாளில் எரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானே போய்க் கேட்டதற்கு இடி விழுந்துவிட்டது என்றார். ஆனி மாதத்தில் எங்கள் ஊரில் இடி! டவுன்காரன் சுற்றியது எரிந்தால் இடி, நான் சுற்றியது எரிந்தால் திருட்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

நங்கையாவின் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. அவர் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். அந்த வருடம் வாய்க்கால் தண்ணீர் வந்து கிணறு மேலேயே நிறைந்திருந்தது, எட்டிக் குனிந்தால் கையால் தொடலாம் என்கிற அளவுக்கு. தண்ணீர் கிணற்றில், வெங்காயம் பத்தடி தள்ளி, நடுவில் கரண்ட் இல்லை. மும்முனைக் கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்திலும் மோட்டார் முனகுமே தவிர ஓடாது. ஸ்டார்ட்டர் 'டொப்' என்று விழுந்துவிடும். இரண்டாவது தடவை சுற்றின மோட்டாரை மாட்டுகிற அன்று நானும் மீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருடன் போனேன்.

மீட்டரைக் கம்பியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நானூறுக்கு மேல் காட்டவேண்டியது, முந்நூறைக்கூடத் தொடவில்லை. காற்று கொஞ்சம் தணிந்து மேலே இறக்கை மெதுவானது. முள் ஏறியது. காற்று வீசி இறக்கை வேகம் பிடித்தது. முள் இறங்கியது. மூன்று தடவை, நாலு தடவை பார்த்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், முனைகளை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு அவரும் மேலே பார்த்தார்.

விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தக் காற்றாடிக்குள் இருக்கிற ஜெனரேட்டர் வேறொன்றுமில்லை, நான் சுற்றுகிற மோட்டாரின் பெரிய அண்ணன்தான், அடுத்தவர் கை சுழற்றினால் கரண்ட் தருகிற வகை. அடிகுழாயில் தண்ணீர் வருவதற்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம் அல்லவா, அதுபோல இதற்கும் கம்பியிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டால்தான் தன் வேலை ஓடும். அப்படி ஊர்க் கம்பியிலிருந்து உறிஞ்சாமல் இருக்கத்தான் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் கண்டன்சர் வைப்பார்கள். பெட்டி காற்றாடிக்குக் கீழேயே இருந்தது. அது சரியாக வேலை செய்தால் எங்கள் மோட்டார் ஏன் முனகுகிறது?

காற்றாடிக்குக் காவல் இருந்தவர் எங்கள் ஊர்க்காரர். அவரிடம் போய்க் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "காத்து எடுத்த மொத வாரமே கண்டன்சர் உப்பி வெடிச்சுப்போச்சுங்க. எழுதி அனுப்பிச்சேன். வாரோம்னாங்க, வல்ல. நாஞ்சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க, என்ற பொழப்பே போயிரும்." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மில்லுக்காரருக்கு இது ஒரு நாள் வேலை. ஆனால் மார்ச்சில் வேண்டியது அவருக்குக் கிடைத்துவிட்டது. கம்பியைப் பலப்படுத்தாமலே எங்கள் லைனில் காற்றாடியைச் சேர்த்துவிட்டுப் போன இலாகாவுக்கும் பூசையோடு வேலை முடிந்துவிட்டது. நடுவில் எரிவது எங்கள் மோட்டார்தான்.

இனிமேல் சொல்வதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் இருக்கமுடியாது.

கரண்ட் குறைந்தால் ஸ்டார்ட்டர் தானாக விழுவது மோட்டாரைக் காப்பாற்றத்தான். எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் பொறுக்காது. விழாமல் இருக்க இடுக்கில் ஒரு குச்சியைச் சொருகிவிடுவார்கள். வாசல் கூட்டுகிற சீமாத்துக் குச்சி, வேப்பங்குச்சி, தீப்பெட்டி அட்டை, கிடைத்ததைச் சொருகுவார்கள். கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் இதற்காக நான் திட்டியிருக்கிறேன். குச்சி சொருகினவன் மோட்டாரைச் சுற்றமாட்டேன் என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் கடைக்குத் திரும்பிய பிறகு நங்கையா ஸ்டார்ட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு என் கையைப் பிடித்தார். "அம்மணி, வெங்காயம் காய் வெக்கற நேரம். தாளெல்லாம் நுனி கருகிப்போச்சு. இன்னம் ரண்டு தண்ணி பாஞ்சாப் போதும். எதாச்சும் பண்ணு கண்ணு." நான் கருகின தாளைப் பார்த்தேன். மீட்டரைப் பார்த்தேன். என் கை சுற்றின காயில் இரண்டு தண்ணீருக்குத் தாங்காதா என்று ஒரு திமிர் வந்தது. அது திமிர்தான், இரக்கம் மட்டும் என்று சொன்னால் பொய். பையிலிருந்து ஒரு மூங்கில் சீவலை எடுத்து, நானே ஸ்டார்ட்டரின் இடுக்கில் சொருகினேன். மோட்டார் முனகி, திணறி, ஓடியது. தண்ணீர் வந்தது. நங்கையா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

மூன்றாம் நாள் மோட்டார் எரிந்தது. பாதி வெங்காயம் மண்ணோடு காய்ந்தது.

அந்தக் கோபத்தில்தான் மனு எழுதினேன். காற்றாடி ஓடும்போது மின்னழுத்தம் இறங்குகிறது, கண்டன்சர் பெட்டியைத் திறந்து சோதிக்கவேண்டும் என்று எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். என்னைத் திருடி என்றவர்களும் போட்டார்கள். சோதிக்க ஆள் வருகிற அன்று எல்லாரும் ஸ்டார்ட்டரில் இருக்கிற குச்சியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. எரிந்து கிடக்கிற மோட்டாரின் ஸ்டார்ட்டரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேனோ, என்னுடையதும் குச்சிதான் என்பதே உறைக்கவில்லையோ, நங்கையா வீட்டு ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை.

கரண்ட் ஆபீஸிலிருந்து வந்த என்ஜினியர் காற்றாடிப் பக்கமே போகவில்லை. ரோட்டிலிருந்து ஜீப்பை இறக்கி நேராக நங்கையாவின் மோட்டார் ரூமுக்குத்தான் வந்தார். மூடியைக் கழற்றினார். மூங்கில் சீவலை இரண்டு விரலால் உருவி எடுத்து, கூடியிருந்த எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"இது என்னம்மா? காத்தாடியா எரிச்சுது உங்க மோட்டார?" என்றார். "யார் சொருகுனது இதை?"

வழவழவென்று சீவிய மூங்கில். காயில் சுற்றுகிற யார் பார்த்தாலும் அது எந்தப் பையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். நங்கையா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்ஜினியர் பக்கம் திரும்பி, "நாந்தானுங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. குச்சி சொருகாதே என்று ஊரையெல்லாம் திட்டினவளே சொருகினாள் என்று தெரிந்தால் ஒருவர்கூட மோட்டார் கொண்டுவரமாட்டார்கள் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நங்கையாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். என்ஜினியர் ஜீப்பின் பேனட் மேல் காகிதத்தை வைத்து மூன்று வரி எழுதினார். நுகர்வோரின் முறையற்ற பயன்பாடு. மனு முடிந்தது. ஒரு மூங்கில் சீவலைப் பார்த்தவர் கண்ணுக்கு, அத்தனை உயரக் காற்றாடியும் அதன் கீழே பூட்டிக் கிடந்த பெட்டியும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர் கையில் அந்தச் சீவலைக் கொடுத்தது நான்.

ஊர்க்காரர்கள் நங்கையாவைப் பேசாத பேச்சில்லை. உன்னால்தான் மனு போச்சு என்று தண்ணீர்க் குழாயடியில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் ஒருதடவைகூட என் பெயரை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நான் நங்கையா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

மீதி வெங்காயத்தைக் காப்பாற்ற லாரியில் வந்த அவர் வீட்டுக்காரர் காங்கேயத்தில் ஒரு பழைய டீசல் எஞ்சினை வாங்கிவந்து கிணற்றோரம் இறக்கினார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்கினார்கள். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'டக் டக் டக்' என்று சத்தம், கறுப்புப் புகை. கரியை விட்டுவிட்டுக் காற்றுக்கு வந்தோம் என்று பந்தல் போட்டுச் சொன்னார்களே, எங்கே வந்து சேர்ந்தோம் பாருங்கள். காற்றாடி வராத காலத்தில் எங்கள் ஊரில் டீசல் எஞ்சினே கிடையாது. இனி காற்றாடியே வேண்டாம், பிடுங்கி எறியச் சொல்லுவோம் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காற்றின் மேல் என்ன தப்பு? கரி எரிப்பதற்குத் திரும்பிப் போனால் பீளமேட்டில் தூக்குப்போசியோடு திரும்பின நாட்களுக்குத்தான் போகவேண்டும். செய்யவேண்டிய காரியத்தை அரைகுறையாகச் செய்து, அதன் மேலேயே ஜனங்களுக்கு வெறுப்பு வரவைத்தார்களே, அந்தப் பாவத்துக்கு எந்தக் கணக்கில் தேய்மானம் போடுவார்கள்?

ஆடி கடைசியில் ஒருநாள் நங்கையாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, எஞ்சினைக் கிளப்பிக் கொடுக்க நானும் வீட்டுக்காரரும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். வெங்காயம் எடுத்த இடத்தில் மறுநடவு போட்டிருந்தார். காய்ச்சல் உடம்போடு அவரும் வரப்பில் மண்வெட்டியுடன் நின்றார். அப்போது இரண்டு கார் வந்து நின்றது. மில் மேனேஜர், கழுத்தில் கேமராவோடு ஒருவர், கோட்டுப் போட்ட நாலு பேர், கூடவே அதே என்ஜினியர். இன்னும் மூன்று காற்றாடி நடப்போகிறார்களாம், அதற்கு விளம்பரப் புத்தகம் போடப் படம் எடுக்கிறார்களாம். கார் வந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் கூடிவிட்டார்கள்.

மேனேஜர் வரப்போரம் வந்தார். நல்ல மனிதர்தான், பணிவாகத்தான் கேட்டார். "ஏனுங்க, ஒரு பத்து நிமிசம் அந்த எஞ்சினை நிறுத்திப்போட முடியுங்களா? போட்டோவுல பொகை உளுகுதுங்க."

"அதுக்கென்னுங்க" என்று நங்கையா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை நோக்கி நடந்தார். பாதி பாத்தி நனைந்திருந்தது, பாதி காய்ந்து கிடந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துபோனது.

"நிறுத்தாதீங்க நங்கையா!" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் நேராக என்ஜினியரிடம் போனேன். "ஏனுங்க சார், அன்னிக்கு அந்த மூங்கக் குச்சியச் சொருகுனது இவங்க இல்லீங்க. நானுங்க. காயில் சுத்தறவ, தெரிஞ்சே சொருகுனேன். தப்புத்தான். உங்க காயிதத்துல என்ற பேரை எழுதிக்குங்க. எழுதிப்போட்டு, அந்தப் பெட்டியத் தெறந்து காட்டுங்க. உள்ள கண்டன்சர் நல்லா இருந்துச்சுன்னா நான் கடையப் பூட்டிப்போட்டு இந்த ஊர விட்டே போயர்றேன். எங்க மூஞ்சிக்கு முன்னால தெறங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ஜினியர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் காற்றாடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்.

"பெட்டிச் சாவி கோயமுத்தூர்ல இருக்குதுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டவுனில் மோட்டார் சுற்றி இடி விழுந்தது என்றாரே, அவர்தான். "காத்தாடி இங்க, சாவி அங்கயுங்களா?" என்றார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. என்ஜினியர் காகிதமும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கேமராக்காரர் கொஞ்ச தூரம் மேற்கே நடந்துபோய், கிணறும் எஞ்சினும் நாங்களும் தெரியாத ஒரு இடத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் நீல வானமும் வெள்ளைக் காற்றாடியும்தான் இருந்திருக்கும்.

கார் போன பிறகு நங்கையா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மடை திருப்பி, காய்ந்த பாத்திக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்தார். பிறகு மோட்டார் ரூம் பக்கம் கையைக் காட்டினார்.

"எரிஞ்ச மோட்டார் உள்ள கெடக்குது. எடுத்துட்டுப் போயிச் சுத்தி வெய்யி அம்மணி. டவுனுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், நீயே சுத்து. பொரட்டாசி கழிஞ்சாக் காத்து நின்னுரும். காத்து நின்னாத்தான நமக்குக் கரண்டு, அப்ப மாட்டிக்கலாம்."

சரிங்க நங்கையா என்றேன்.